முழுக்கைச் சட்டை

சித்திரை வெயிலில் மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டு, முழுக்கைச் சட்டையோடு ஒருவன் திரிந்தால், அவன் யாருடைய மைத்துனன் என்று விசாரியுங்கள். நான் டாக்டர் பிரமநாயகத்தின் மைத்துனன். பெயர் நயினார். அத்தான் வேலங்குளம் மாநகராட்சியின் நல அலுவலர். குடிதண்ணீர், கொசு, காய்ச்சல், பேதி, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துதான். அந்தக் கையெழுத்துக்காக அவருக்கு வர வேண்டிய வலி எனக்கு வந்துகொண்டிருந்தது.

விளங்கும்படி சொல்கிறேன். வேலை பார்க்காத அதிகாரிக்கு ஜனங்கள் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் பார்சல் அனுப்புவது நம் ஊரில் பழைய வழக்கம். போட்டுக்கொண்டு வீட்டில் இரும் என்று அர்த்தம். பெரிய காய்ச்சல் வந்து, சுடுகாட்டில் இடம் கிடைக்காமல் போன வருஷத்துக்குப் பிறகு, அந்தக் கேலியையே சட்டமாக்கிவிட்டார்கள். சுகாதார முடிவு எடுக்கிற ஒவ்வொரு அதிகாரியும் உணர்வளை என்ற ஒரு வளையத்தைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற நோயாளிக்குக் காதின் பின்னால் பொட்டு அளவில் ஒரு ஒட்டுச் சில்லு ஒட்டுவார்கள். அவர் படுகிற பாட்டில் ஒரு பங்கை அது வளைக்கு அனுப்பும். தன் உடம்பில் பட்டால்தான் இவனுகளுக்கு உறைக்கும் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். பாவம், அவர்களுக்கு மைத்துனர்கள் இல்லை போலிருக்கிறது.

வளையை மாட்ட டெக்னீசியன் வீட்டுக்கே வந்தான். சோபாவில் உட்கார்ந்து அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மீட்டர் மாட்ட வந்தவன் இடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"சாருக்கா, இல்ல வீட்டுல வேற யாருக்காச்சுமா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாருக்காச்சும்னா... முடியுமா?"

"மத்த வீட்டுல எல்லாம் மைத்துனருக்குத்தான் சார் மாட்டிட்டு வாரேன். நெலத்த வீட்டம்மா பேர்ல எழுதுத மாதிரிதான். இதுக்கு உடம்புச் சூடும் நாடியும் இருந்தாப் போதும். யாரு நாடின்னு கேக்காது. உங்களுக்கு ஒரு பொம்ம வளை தாரேன். விளக்கு எரியும், வேற ஒண்ணும் செய்யாது."

"நயினாரு சும்மாதான இருக்கான்" என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

சும்மாதான் இருந்தேன். செல்போன் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டோடு வந்தவன், மூன்று வேளையும் அவள் கையால் தின்றுகொண்டிருந்தேன். அத்தான் என் தோளில் கைபோட்டார். "மாப்ளே, நான் காலையிலருந்து மீட்டிங் மீட்டிங்னு ஓடுதேன். வலியோட உக்காந்து எப்படி முடிவு எடுக்க, சொல்லு? எனக்குப் பதவி உயர்வு வரட்டும். ஆபீஸ்ல உனக்கு ஒரு சீட்டு போட்டுத் தாரேன்."

நான் கையை நீட்டினேன். யாரும் என்னைப் பிடித்துக் கட்டவில்லை. நானேதான் நீட்டினேன்.

முதலில் ஒன்றும் பெரிதாக இல்லை. யாருக்கோ தலைவலி, யாருக்கோ மூட்டுவலி, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி வந்துபோகும். பங்குனி முடிகிற சமயத்தில்தான் வயிற்றில் அந்தப் பிடி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. அப்புறம் வலது விலாவுக்குக் கீழே ஒரு இழுப்பு. வாயெல்லாம் துருப்பிடித்த தண்ணீர் ருசி. வளை சிவப்பாக மினுக்கும்போதெல்லாம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதில் ஒரு விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்களின் வலி பல்லைக் கடித்துக்கொண்டு வரும். இது அப்படியில்லை. எதையும் அடக்கத் தெரியாத வலி. சின்னப் பிள்ளைகளின் வலி.

மேலக்குளம் பகுதியிலிருந்து வருகிறது என்று வளையின் ஓரத்தில் எழுத்து ஓடியது. அத்தான் குளித்துவிட்டு வந்ததும் சொன்னேன்.

"அத்தான், மேலக்குளத்துப் பக்கம் சரியில்ல. பிள்ளைகளுக்கு வயிறு."

"தெரியும் மாப்ளே." சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் கையை நுழைத்துக்கொண்டே சொன்னார். "அங்க மேல்நிலைத் தொட்டிக்குப் போற குழாய்ல சாக்கடை கசியுது. தொட்டிய மூடணும், லாரித் தண்ணி விடணும்."

"அப்போ மூடிர வேண்டியதுதான?"

"மூடணும்னா கொள்ளைநோய்னு அறிவிக்கணும்லா? அறிவிச்சா தூய்மை நகர விருது போச்சு. மேலிடத்துலருந்து ஆய்வுக்குழு வருது. அவிய வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் கோடை உபாதை. உப்புக் கரைசல் குடுக்கச் சொல்லியிருக்கேன், கவலப்படாத."

கோடை உபாதை! என்ன அழகான பெயர். சர்பத் குடித்தால் போய்விடும்போல இருக்கிறது. என் வயிற்றுக்குள் ஏதோ ஒரு பிள்ளை சுருண்டுகொண்டிருந்தது. நான் "சரி அத்தான்" என்றேன். விருது வந்தால் அவருக்குப் பதவி உயர்வு, எனக்கு ஆபீசில் ஒரு சீட்டு. அந்தக் கணக்கு என் வாயை மூடியது. வேறு காரணம் சொன்னால் பொய்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. காலையிலிருந்து தரையில் பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று பிடி தளர்ந்தது. முழுதாக நிற்கவில்லை, ஆனால் இருந்ததில் ஆகப் பெரிய முறுக்கு அப்படியே விட்டுப் போய்விட்டது. "அப்பாடா!" என்று எழுந்து உட்கார்ந்தேன். அன்று வீட்டில் தேங்காய்ப்பால் சொதி. இஞ்சிப் பச்சடி. பல நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவன், ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "முகத்துல இப்பத்தான் களை வந்திருக்கு" என்று அக்கா இன்னொரு கரண்டி விட்டாள்.

மறுநாள் காலையில் அத்தான் போனைப் பார்த்துக்கொண்டே, "மேலக்குளத்துல ஒரு பையன் தவறிட்டான். ச்சே" என்றார்.

"எப்போ அத்தான்?"

"நேத்து மத்தியானம்."

"எனக்கு நேத்து மத்தியானம் வலி குறைஞ்சுதே..."

"குறையத்தான் செய்யும். ஆளு போயிட்டா காதுல ஒட்டுன சில்லக் கழட்டிருவாவல்ல. கணக்குலருந்து அந்த வலி போயிரும்." சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.

நான் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை செத்ததை என் உடம்பு நிம்மதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொண்டாடிச் சோறு தின்றிருக்கிறது. அந்த வெட்கத்தை எந்தச் சில்லும் யாருக்கும் அனுப்பாது. அப்போதாவது தெருவில் இறங்கிக் கத்தினேனா? இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

பையன் செத்ததும் மேலக்குளம் கொதித்துப்போனது. கேள்வி மன்றம் வேண்டும் என்று கேட்டார்கள். அதுவும் அந்தச் சட்டத்தில் உள்ளதுதான். அதிகாரி பொதுமண்டபத்தில் நின்று ஜனங்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் தொடரலாமா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே ஆளும் மாறும், அவர் முடிவும் மாறும். அதாவது தொட்டி அன்றைக்கே மூடப்படும்.

அத்தான் அதற்குப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தயாரானார். வாத்தியார் நான்.

"எங்க பிடிக்கும் மாப்ளே? தொப்புளா, அதுக்கு மேலயா?"

"தொப்புளச் சுத்தி. பொறவு வலது விலாவுக்கு இழுக்கும்."

"வாய்ல என்ன ருசி?"

"துரு."

"அடடா, இது நல்லா இருக்கு. துருப்பிடிச்ச தண்ணி." அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வயிற்றைப் பிடித்து லேசாகக் குனிந்து பார்த்தார். கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "கைய நடுவுல வைக்காதிய, விலாப் பக்கம் வைங்க. இவன் அப்படித்தான் வைப்பான்" என்றாள்.

அவளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கள் குடும்பம் அப்படி.

கடைசியாக அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன் போன அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு? அதக் கண்டிப்பாக் கேப்பாவ."

சொதி ஞாபகம் வந்தது. "நெஞ்ச அடைச்சுச்சு அத்தான். ஒரு வாய்ச் சோறு இறங்கல" என்றேன்.

"ம்" என்று கண்ணை மூடி ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நானும் மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதிகாரியின் வளை உள்ளே வந்திருக்கிறதா என்று வாசலில் ஒரு கருவி பார்க்கும். பொம்மை வளை அதனிடம் பேசாது. அத்தான் முன்னால் நுழைய, நான் ஒட்டினாற்போல் பின்னால் நுழைந்தேன். கருவி பச்சை காட்டியது. அக்கா முன் வரிசைக்குப் போனாள். நான் யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். அங்கே இங்கே முழுக்கைச் சட்டைகள் தெரிந்தன. குடிநீர் வாரியப் பொறியாளருக்குப் பின்னால் ஒருவன். ஆணையருக்குப் பின்னால் ஒருவன். ஒருத்தன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேரும் விசிறியைப் பார்த்துக்கொண்டோம்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நவுந்துக்கிடுங்க. பிள்ளைக்குக் காத்து வேணும்."

இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒட்டுச் சில்லு. நகர்ந்து இடம் கொடுத்தேன். தெரிந்தவள்போலப் பேச ஆரம்பித்தாள். பெயர் முத்துமாரி. மேலக்குளம். "மூத்தவன்தான் அண்ணாச்சி போயிட்டான். இவளும் கிடையாக் கிடக்கா. ஆதிரை, தாத்தாக்கு... ஐயே, மாமாக்கு வணக்கம் சொல்லு." குழந்தைக்குக் கை தூக்கத் தெம்பில்லை.

எழுந்து வேறு பக்கம் போய்விடலாம் என்று பார்த்தேன். வரிசை நிறைந்துவிட்டது.

மேடையில் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா மைக்கைத் தட்டினார். ஒரு ஆட்டோ டிரைவர் எழுந்தார். "தொட்டியில சாக்கடை கலக்குன்னு எங்களுக்கே தெரியுது. ஐயாவுக்குத் தெரியாதா? ஏன் மூடல?"

அத்தான் மைக்கின் அருகே வந்தார். கையை உயர்த்தி வளையைக் காட்டினார். பொம்மை பளிச்சென்று எரிந்தது. மெதுவாக விலாப் பக்கம் கையை வைத்தார்.

"மூடியிருக்கலாம். மூடினா இந்த வெயில்ல எங்க அம்மாமாரும் தங்கச்சிமாரும் லாரிக்குப் பின்னால குடத்தத் தூக்கிட்டு ஓடணுமேன்னு நினைச்சேன். குழாயச் சரி பண்ணிரலாம், அதுவரைக்கும் வலிய நான் தாங்கிக்கிடுதேன்னு நினைச்சேன். தொப்புளச் சுத்தி ஈரத்துணியப் பிழியுத மாதிரி இருக்கும். வாயெல்லாம் துருத்தண்ணி. உங்க பிள்ளைங்க பட்டதெல்லாம் நானும் பட்டேன்."

என் வார்த்தைகள்தான். ஒன்றுகூட மாறவில்லை.

"அந்தச் சின்னப் பையன் நம்மள விட்டுப் போன அன்னிக்கு..." அத்தானின் குரல் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நெஞ்ச அடைச்சுச்சு. எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கல."

பக்கத்தில் முத்துமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா அண்ணாச்சி, பெத்தவளுக்கு மட்டுந்தான்னு நினைச்சேன். அவருக்கும் இறங்கலையாம். பாவம் அந்த மனுசன்."

ஜனங்கள் இளகிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கேள்வி கேட்ட ஆட்டோ டிரைவரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். உடம்பில் பட்டால் உறைக்கும் என்று கொடுத்த வளையை வைத்து மனுசன் அனுதாபம் வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது ஆதிரை மடியில் முறுக்கிக்கொண்டாள். அதே நொடியில் எனக்குப் பிடித்தது. பக்கத்திலேயே இருந்ததாலோ என்னவோ, அப்படி ஒரு பிடி அதுவரை வந்ததில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு முன் பெஞ்சில் தலையை முட்டிக்கொண்டேன். மேடையில் அத்தான் நிமிர்ந்து நின்று, பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி? என்ன செய்யுது?"

"அல்சர்" என்றேன். "பழைய அல்சர்மா."

கொண்டுவந்த சின்னப் பிளாஸ்கைத் திறந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சி வைத்திருந்த ஓமத்தண்ணீர். மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "குடிங்க, கேக்கும். இவளுக்கு மிச்சம் இருக்கு." நான் அதை வாங்கிக் குடித்தேன். ஆமாம், குடித்தேன். இவ்வளவு தூரம் சொன்னவன் இதை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"டாக்டர் பிரமநாயகம் தொடரலாம்னு நம்பிக்கை உள்ளவங்க கை தூக்கலாம்" என்றார் நீதிபதி அம்மா.

கைகள் எழுந்தன. ஒன்று, பத்து, மண்டபம் முழுக்க. முத்துமாரி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையைத் தூக்கினாள். நான் தூக்கவில்லை. நியாயத்துக்காக இல்லை. தூக்கினால் சட்டைக்கை இறங்கும் என்ற பயத்தில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். "அவரும் நம்ம கூடச் சேந்துதான துடிச்சிருக்காரு. தூக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லி, நோயாளிக்கு உதவுகிற மாதிரி என் கையைப் பிடித்து அவளே உயரத் தூக்கினாள்.

பழைய சட்டை. பொத்தான் தெறித்தது. சட்டைக்கை முழங்கை வரைக்கும் சரிந்தது.

வளை சிவப்பாக மினுக்கியது. அவள் தோளில் பிள்ளையின் காதுக்குப் பின்னால் சில்லு மினுக்கியது. ரெண்டும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்து, ஒன்றாக எரிந்தன. அவள் அதைப் பார்த்தாள். மேடையில் அத்தானின் கையைப் பார்த்தாள். அங்கே பொம்மை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்று மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

மறு கையால் சட்டைக்கையை மேலே இழுத்தேன், அது மறுபடி சரிந்தது.

"எம் பிள்ள போன அன்னிக்குச் சோறு இறங்கலன்னு சொன்னாவல்ல. அது நீங்களா அண்ணாச்சி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏற்கெனவே சொன்ன பொய்தான். சொல்லியிருந்தால் எனக்காகவும் இரக்கப்பட்டிருப்பாள், அப்படிப்பட்டவள். என் நாக்கில் இன்னும் ஓமத்தண்ணீரின் காரம் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "வலி நின்னுட்டுன்னு... ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

அவள் அறையவில்லை. அறைந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சரி, இறக்கலாம்" என்றது மைக். எல்லாக் கைகளும் இறங்கின. என் கை இறங்கவில்லை. அவள் பிடி அப்படியே இருந்தது.

"பின்னால அங்க ஒரு கை ஏன் இன்னும் இறங்கல?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

மண்டபம் திரும்பியது. முன் வரிசையில் அக்கா திரும்பினாள், அவள் கண் முதலில் என் கைக்குத்தான் போனது. ஆணையருக்குப் பின்னால் இருந்தவன் தன் சட்டைக்கைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பொறியாளருக்குப் பின்னால் இருந்தவனும் தடவினான். அத்தான் மைக்கின் அருகே விலாவைப் பிடித்தபடியே நின்றார், கையை எடுக்க மறந்துபோய்.

ஒரு கையில் பிள்ளையை வைத்திருந்தவள் பிடித்த பிடி அது. இழுத்திருந்தால் வந்திருக்கும். நான் இழுக்கவில்லை.